சீசன் பணமும் பன்னிரண்டு மாதங்களும்

அத்தியாயம் 4: மலையூரில் சிறுதொழில் நடத்துவோருக்கான ஆண்டுத் திட்டம்

கொடைக்கானலில் தொழில் செய்பவரிடம் "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று மே மாதம் கேட்டால் பதில் சொல்லவே அவருக்கு நேரம் இருக்காது. அதே ஆளிடம் நவம்பரில் கேட்டால், "டல்லுதான் அண்ணே, சீசன் வந்தா சரியாயிடும்" என்பார். இரண்டு பதிலுமே உண்மைதான். ஆனால் இந்த இரண்டு மனநிலைக்கும் நடுவில்தான் பல குடும்பங்களின் முதல் கரைந்துபோகிறது. மே மாதத்தில் கணக்குப் பார்க்க நேரமில்லை. நவம்பரில் கணக்குப் பார்க்கத் தைரியமில்லை.

இந்த அத்தியாயம் நாயுடுபுரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏரியிலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் சற்று விலகி இருக்கும் பகுதி இது. இரண்டு மூன்று அறைகளைக் காட்டேஜாக விடுபவர், லீசுக்கு எடுத்து நடத்துபவர், டீக்கடை, மளிகைக் கடை வைத்திருப்பவர், சொந்த வண்டியில் சைட் சீயிங் ஓட்டுபவர், வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுபவர் ஆகியோருக்கான அத்தியாயம். ஊட்டி, ஏற்காடு, குற்றாலம் என்று சீசனை நம்பியிருக்கும் எந்த ஊர்க்காரரும் இதைத் தம் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சொல்ல வருவது ஒன்றுதான்: திட்டத்தை மே மாதத்தை வைத்துப் போடாதீர்கள், நவம்பரை வைத்துப் போடுங்கள். ஆள் வராத மாதத்தில் கடை எப்படி நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்தால், ஆள் வரும் மாதம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

சீசன் எப்படி மனத்தைக் கெடுக்கிறது

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து வீடு கட்டியதிலிருந்து கொடைக்கானல் கோடைக்கான ஊர்தான். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏரியை உருவாக்கிய பிறகு வருகிறவர்கள் கூடினார்கள். கூட்டம் சில வாரங்களில் குவிவதும் மீதி மாதங்களில் கலைவதும் இந்த ஊர் பிறந்ததிலிருந்து இருக்கும் வழக்கம். ஆகவே டல் மாதம் வருவது உங்கள் திறமைக் குறைவால் அல்ல. அது கெட்ட நேரமும் அல்ல. நாட்காட்டியில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும் செய்தி அது.

இருந்தும் சீசன் நம் மனத்தில் மூன்று தவறான எண்ணங்களை விதைக்கிறது.

முதலாவது, கையில் இருப்பதெல்லாம் லாபம் என்ற எண்ணம். ஒரே நாளில் பத்தாயிரம் புரளும்போது அதில் எவ்வளவு நம்முடையது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஜூன் மாதம் புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அக்டோபரில் நகையை அடகு வைக்கும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

இரண்டாவது, சீசனில் கிடைத்த விலைதான் நம் விலை என்ற எண்ணம். மே மாதம் 2,500 ரூபாய்க்குப் போன அறை ஜூலையில் 1,000 ரூபாய்க்குப் போனால் அவமானமாகத் தோன்றுகிறது. அதனால் அறையைக் காலியாகவே போட்டுவைக்கிறோம். காலி அறையும் வாடகையைத் தின்கிறது.

மூன்றாவது, அடுத்த சீசன் எல்லாக் கடனையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை. உழைப்பவருக்கு நம்பிக்கை வேண்டும்தான். ஆனால் கடனுக்குப் பிணையாக வைக்கத் தகாத பொருள் அடுத்த ஆண்டின் மே மாதம். ஏன் என்று கீழே பார்ப்போம்.

ஒரு காட்டேஜின் வருடக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காகத் தரப்பட்டவை. உங்கள் எண்களை இதே சட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று அறைகள், லீசுக்கு எடுத்தது. ஆண்டை நான்கு வகை நாட்களாகப் பிரிக்கிறோம்.

- சீசன் நாட்கள் 75. நூறில் எண்பது பங்கு அறைகள் நிரம்பினால் 180 இரவுகள். இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் 4,50,000 ரூபாய்.
- பண்டிகை, தொடர் விடுமுறை நாட்கள் 30. முழுவதும் நிரம்பினால் 90 இரவுகள். 2,000 ரூபாய் வீதம் 1,80,000 ரூபாய்.
- மற்ற சனி, ஞாயிறுகள் 70 நாட்கள். பாதி நிரம்பினால் 105 இரவுகள். 1,500 ரூபாய் வீதம் 1,57,500 ரூபாய்.
- மீதி வார நாட்கள் 190. பத்தில் ஒரு பங்கு நிரம்பினால் 57 இரவுகள். 1,000 ரூபாய் வீதம் 57,000 ரூபாய்.

மொத்த வரவு 8,44,500 ரூபாய். இனி செலவு.

- ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவு: லீசு 20,000, ஒரு ஆள் சம்பளம் 12,000, கரண்ட், தண்ணீர், கேபிள் 6,000, கடன் தவணை 8,000. மாதம் 46,000 வீதம் ஆண்டுக்கு 5,52,000 ரூபாய்.
- ஆள் வந்தால் மட்டும் ஆகும் செலவு: சலவை, சோப்பு, வெந்நீர், புரோக்கர் கமிஷன் சேர்த்து இரவுக்கு 350. மொத்தம் 432 இரவுகளுக்கு 1,51,200 ரூபாய்.

மொத்தச் செலவு 7,03,200 ரூபாய். மிஞ்சுவது 1,41,300 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 11,775 ரூபாய். மழைக்குப் பின் அடிக்க வேண்டிய பெயின்டும் ஒழுகும் கூரையும் இதில் சேரவில்லை.

சீசனின் இரண்டரை மாதங்களில் இந்த லீசுக்காரர் கையில் புரண்ட பணம் மாதத்துக்கு 1,80,000 ரூபாய். அவர் மனம் அந்த எண்ணோடு வாழ்கிறது. அவர் தொழிலோ 11,775 ரூபாயோடு வாழ்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கடன்காரர்கள் நிரப்புகிறார்கள்.

இப்போது ஒரு டல் மாதத்தைத் தனியாகப் பாருங்கள். எட்டு சனி, ஞாயிறுகளில் 12 இரவுகள், 22 வார நாட்களில் 7 இரவுகள். வரவு 25,000. இரவுச் செலவு 6,650. மிச்சம் 18,350. நிலையான செலவோ 46,000. அந்த ஒரு மாதத்தில் விழும் துண்டு 27,650 ரூபாய். இப்படி ஆண்டுக்கு ஐந்து மாதங்கள் என்று வைத்தால் 1,38,250 ரூபாய்.

சீசன் முடிந்த அன்று, அந்தக் காலத்துச் செலவெல்லாம் போக இவர் கையில் 2,72,000 ரூபாய் இருக்கும். அதில் சரிபாதிக்குச் சற்று மேல் ஏற்கெனவே டல் மாதங்களுக்குச் சொந்தம். இதை ஜூன் மாதமே அறிந்தவர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கணக்கு புரிந்தாலும் ஒரே பையில் பணம் இருந்தால் கை நிற்காது. அதனால் பணத்தை இடம் பிரித்து வையுங்கள்.

தொழில் கணக்கு: வரும் பணமெல்லாம் முதலில் இங்கேதான் வர வேண்டும். ஜி-பே, போன்-பே எண்ணைத் தொழில் கணக்கோடு மட்டும் இணையுங்கள். மனைவியின் கணக்குக்கும் மகனின் கணக்குக்கும் பணம் சிதறினால் ஆண்டு முடிவில் எதுவும் தெரியாது.

டல் மாதக் கணக்கு: உங்கள் ஐந்து டல் மாதங்களின் துண்டுத் தொகையைக் கணக்கிட்டு, சீசன் நடக்கும்போதே வாரம் ஒருமுறை இதில் போடுங்கள். சீசன் முடிந்த பிறகு மொத்தமாகப் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையும் வேண்டாம், யு.பி.ஐ. இணைப்பும் வேண்டாம். எடுக்க வேண்டுமென்றால் வங்கிக்கு நடக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு: உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். மேயிலும் நவம்பரிலும் ஒரே தொகை. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக் கட்டணம் எல்லாம் இந்தச் சம்பளத்துக்குள் வர வேண்டும். மேலே கண்ட கணக்கில் சம்பளம் 11,775 ரூபாய்தான். அது குடும்பத்துக்குப் போதாது என்று தெரிந்தால் அந்த உண்மையை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பேசுங்கள். வருமானத்தைக் கூட்டும் வழியை அங்கிருந்துதான் தேட முடியும். வீட்டுப் பெண்களிடம் கணக்கை மறைத்து நடத்தும் தொழில், பெரும்பாலும் அவர்கள் நகையில்தான் போய் முடிகிறது.

மே மாதத்து விலையைவிட ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை முக்கியம்

வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்றவுடன் எல்லாரும் சீசன் விலையைத்தான் ஏற்றுகிறார்கள். மேற்கண்ட காட்டேஜில் சீசன் இரவுக்கு 200 ரூபாய் ஏற்றினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கூடும். அதே லீசுக்காரர் விலையைத் தொடாமல், வார நாட்களில் பத்தில் ஒன்றாக நிரம்பும் அறைகளை நான்கில் ஒன்றாக நிரப்பினால், கூடுதலாக 85 இரவுகள் கிடைக்கும். செலவு போக இரவுக்கு 650 ரூபாய் வீதம் 55,250 ரூபாய். லாபம் ஒளிந்திருப்பது அந்தக் காலி நாட்களில்.

வார நாளில் யார் வருவார்கள்? விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் வருவார்கள்: ஓய்வு பெற்ற தம்பதிகள், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர்கள், எழுத்து வேலை, ஆராய்ச்சி வேலை உள்ளவர்கள், பறவை பார்ப்பவர்கள். அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி இருக்கிறது. அங்கே வந்துபோகும் பெற்றோருக்கும் விருந்தினருக்கும் அமைதியான, சுத்தமான இடம் வேண்டும். ஏரி தெரியும் ஜன்னலை நாயுடுபுரத்தால் கொடுக்க முடியாது. தூக்கம் கலையாத இரவைக் கொடுக்க முடியும். வாரத்துக்கு ஒரு விலை, மாதத்துக்கு ஒரு விலை என்று எழுதி வையுங்கள். நல்ல இணைய இணைப்பும், மின்வெட்டுக்கு ஒரு இன்வெர்ட்டரும், எழுத ஒரு மேசையும் இருந்தால் ஒரே ஆள் இருபது நாள் தங்குவார்.

வாகன வரம்பும் இந்தப் பக்கமே தள்ளுகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கோடைக்கு, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்பு இருக்கும்போது சனிக்கிழமைக்கு முட்டி மோதுகிறவரிடம், "சார், செவ்வாய்க்கிழமை வாங்க, பாஸும் சுலபமா கிடைக்கும், ரூமும் குறைஞ்ச விலைக்குத் தரேன்" என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஆள் வரும்.

வேறு தொழில்களுக்கும் இதே வழிதான். சாக்லேட் செய்பவர் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பினால் மே மாதத்தோடு முடிந்தது. கீழே வத்தலக்குண்டு தாண்டினாலே வெயிலில் உருகும் சரக்கு அது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சமவெளியும் குளிர்ந்திருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் பரிசுப் பெட்டிகளைக் கூரியரில் அனுப்ப ஏற்ற காலம் அதுதான். மே மாதம் வாங்கிப்போனவரின் எண்ணை, அவர் அனுமதியோடு எழுதி வைத்திருந்தால் டிசம்பரில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாம். மலைப்பூண்டு விற்பவருக்கு இன்னும் வசதி. நன்றாகக் காயவைத்த பூண்டு பல மாதம் தாங்கும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டைக் கலக்காமல் விற்று அந்தப் பெயரைக் காப்பது அவரவர் கையில் இருக்கிறது.

அதிர்ச்சிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

அடுத்த மே மாதத்தைப் பிணையாக வைக்காதீர்கள் என்றேனே, காரணம் இதோ.

2018 நவம்பரில் கஜா புயல் மலை வரை வந்தது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது. 2019-ல் கட்டட விதிமீறல் வழக்கில் பல கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 மார்ச் மாதக் கொரோனா ஊரடங்கு அந்தக் கோடையை முழுதாக விழுங்கியது. 2021 மே மாதம் இரண்டாம் அலை வந்து அடுத்த கோடையையும் எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரி 22 அன்று குணா குகையில் நடக்கும் கதையான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வெளியாகி, யாரும் திட்டமிடாத கூட்டம் அந்தக் குகையை நோக்கி வந்தது. அதே ஆண்டு மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025-ல் வாகன வரம்பு.

2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டுகள். அதில் ஆறு ஆண்டுகளில் ஏதோ ஒரு அதிர்ச்சி. ஒன்று நல்லதாகவும் இருந்தது. எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று வரும் என்று நிச்சயமாகச் சொல்லலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் அது வரும்: 2024-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து, உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. நாயுடுபுரத்துச் சமையலறையில் சாக்லேட் கிண்டுபவரும் அந்த விலையில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டியிருந்தது.

ஆகவே வருடச் செலவுப் பட்டியலில் லீசு, சம்பளம், கரண்டுக்குக் கீழே 'அதிர்ச்சி' என்று ஒரு வரி எழுதுங்கள். இலக்கு, மூன்று மாத நிலையான செலவு. மேலே கண்ட காட்டேஜுக்கு 1,38,000 ரூபாய். ஒரே ஆண்டில் சேராது. மூன்று நான்கு ஆண்டுகளில் சேரட்டும். டல் மாதக் கணக்கோடு இதைக் கலக்காதீர்கள். டல் மாதம் உறுதியாக வருவது, அதிர்ச்சி நாள் குறிக்காமல் வருவது.

பணத்தைச் சேர்ப்பதோடு கீழ்க்கண்டவற்றையும் செய்யுங்கள்.

காப்பீடு எடுங்கள். சிறு நிறுவனங்களுக்காக 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கானது. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றால் ஆகும் சேதம் இதில் அடங்கும். மலையில் தொழில் செய்பவர் நிலச்சரிவு என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

காகிதங்களைச் சரிபாருங்கள். லீசுக்குக் கட்டடம் எடுக்கும்முன் நகராட்சி கொடுத்த வரைபட அனுமதி, அது குடியிருப்புக்கா வணிகத்துக்கா, மின் இணைப்பு எந்த வகை என்று கேளுங்கள். "எல்லாரும் இப்படித்தான் நடத்துறாங்க" என்பது ஆவணம் ஆகாது. கட்டடத்துக்குச் சீல் விழுந்தால் உரிமையாளருக்குக் கட்டடமாவது மிஞ்சும். லீசுக்காரருக்கு எதுவும் மிஞ்சாது.

சட்டம் போகும் திசையைக் கவனியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. தண்டம் கட்டியபின் மாறுபவரைவிட, முதல் ஆளாகத் துணிப்பையும் கண்ணாடி ஜாடித் தண்ணீரும் வைத்தவருக்குச் செலவும் குறைவு, பேரும் அதிகம்.

கடன்: வட்டியை உங்கள் கையால் கணக்கிடுங்கள்

டல் மாதத்தில் கடைக்கு வந்து பணம் நீட்டும் தண்டல்காரர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். பழகிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல். முதலிலேயே 1,000 பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் அசலைத் திருப்பித் தருவதால், நூறு நாளும் உங்களிடம் சராசரியாக இருந்தது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் எண்பது சதவீதத்தைத் தொடும். எந்த டீக்கடையும் எந்தக் காட்டேஜும் ஆண்டுக்கு எண்பது சதவீத லாபம் தராது.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அது காவல்துறையிடம் சொல்ல வேண்டிய குற்றம். ஆனால் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் திட்டம்.

கடன் தேவைப்படாத மாதத்தில் கடனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஜூன் மாதம் கணக்கில் பணம் இருக்கும்போது வங்கி மேலாளரைப் பாருங்கள். நவம்பரில் ஓடினால் அவர் பார்ப்பது காலியான கணக்கைத்தான். முதலில் உத்யம் பதிவு செய்யுங்கள். அது இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்யலாம். அதற்குப் பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். முத்ரா கடன் பிணையில்லாமல் கிடைப்பது: சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 20 லட்சம் வரை. தள்ளுவண்டி, நடைபாதைக் கடை வைத்திருப்பவர்களுக்கு 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி இருக்கிறது. அதற்கு நகராட்சியின் தெரு வியாபாரி சான்று வேண்டும். மானியத்தோடு கூடிய மாநில அரசுத் திட்டங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். திட்டங்களும் தொகைகளும் மாறும். எனவே போகும் நாளில் நடப்பு விதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கித் தவணையும் மாதாமாதம்தான் வரும், சீசன் பார்க்காது. அதனால் சீசன் முடிந்ததும் ஆறு மாதத் தவணையை டல் மாதக் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

தினம் ஒரு வரி எழுதுங்கள்

நம் ஊர் மலைமேல் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படமெடுத்துப் பதிவு செய்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்ததும் இங்கேதான். ஒரு நாளின் படம் தனியாக அதிகம் சொல்லாது. நூறாண்டுப் படங்கள் வரிசையாக இருப்பதால்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தத் தொகுப்பைத் தேடுகிறார்கள்.

உங்கள் நோட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும். இரவு கடை அடைக்கும்முன் ஐந்து விஷயம் எழுதுங்கள்: இன்றைய வரவு, இன்றைய செலவு, எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் எந்த ஊர், வானிலை அல்லது விடுமுறை பற்றி ஒரு சொல். ஐந்து நிமிட வேலை. முதல் மாதம் இது வெறும் எண்ணாகத் தெரியும். ஓராண்டு முடிந்தால் கேரளத்திலிருந்து ஆள் வருவது எந்த வாரம், மதுரைக்காரர்கள் ஒரே நாளில் திரும்புவது எந்த மாதம், மழை நாளில் எது விற்கிறது என்று உங்கள் நோட்டே சொல்லும். இரண்டாம் ஆண்டில் எத்தனை லிட்டர் பால் வாங்குவது, எப்போது கூடுதல் ஆள் போடுவது என்பதை ஊகிக்கத் தேவையிருக்காது. வங்கியில் கடன் கேட்கும்போதும் இந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

மனத்தைக் காக்கும் நான்கு பழக்கங்கள்

பக்கத்துக் கடையைப் பார்த்துத் தொழிலை மாற்றாதீர்கள். ஒருவர் டென்ட் போட்டால் தெருவே டென்ட் போடுகிறது, ஒருவர் மோமோ விற்றால் நாலு பேர் மோமோ விற்கிறார்கள். அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது நமக்குத் தெரியாது, கூட்டம் மட்டும்தான் தெரியும். புதிதாக எதையும் தொடங்கும்முன் டல் மாதத்தில் அது எவ்வளவு விற்கும் என்று எழுதிப் பாருங்கள்.

பாக்கிக்கு எல்லை வையுங்கள். "மாமா, சீசன் முடிஞ்சதும் தரேன்" என்று கேட்கும் உறவுக்காரரிடம் இல்லை என்று சொல்வது கடினம். "மாப்ளே, ஐந்நூறு வரைக்கும்தான் நோட்டுல எழுதுறது, அது எல்லாருக்கும்தான்" என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை. விதி ஒன்று இருந்தால் உறவு கெடாது.

விலை குறைக்கும் போட்டியில் இறங்கும்முன் பேசிப் பாருங்கள். ஒரே தெருவில் ஐந்து காட்டேஜ்காரர்கள் டல் மாதத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டால் லாபம் புரோக்கருக்கு. நிரம்பியவர் அடுத்தவருக்கு ஆளை அனுப்புவது, சலவையைச் சேர்ந்து கொடுப்பது, கேஸ், பால் மொத்தமாக வாங்குவது எல்லாம் பேசினால் நடக்கும்.

டல் நாளை வெட்டி நாளாக்காதீர்கள். காலையில் போணி ஆகாத நாள் மனத்தை அரிக்கும். அந்த நாட்களுக்கு என்று வேலைப் பட்டியல் வைத்திருங்கள்: மெத்தை காயவைப்பது, குழாய் மாற்றுவது, பழைய விருந்தினரை அழைத்து நலம் கேட்பது, சேவை பழகுவது. வேலைக்காரருக்கும் இது பொருந்தும். டல் மாதத்தில் அனுப்பிவிட்ட ஆள் மே மாதம் திரும்பி வர மாட்டார். வேலை நாளைக் குறைத்துப் பேசி நிறுத்திவைத்தவரிடம்தான் பழகிய கை இருக்கும். கவலை தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொழில் நட்டம் வெட்கப்பட வேண்டிய குற்றமில்லை.

ஆண்டின் வேலை அட்டவணை

- ஜனவரி, பிப்ரவரி: பொங்கல் முடிந்ததும் கடந்த ஆண்டுக் கணக்கை முடிப்பது. உறைபனிக் காலத்துப் பழுதுகளைப் பார்ப்பது. பயிர் இருந்தால் காப்பது.
- மார்ச்: பெயின்ட், பிளம்பிங், உரிமங்களைப் புதுப்பித்தல். சீசன் ஆட்களிடம் பேசி வைத்தல். தேர்வுக் காலம் என்பதால் குடும்பங்கள் வராது, வயதானவர்களை அழைக்கலாம்.
- ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை: வாரம் ஒருமுறை டல் மாதக் கணக்கில் பணம் போடுதல். வேறு புதுத் திட்டம் எதையும் இப்போது தொடங்க வேண்டாம்.
- ஜூன் கடைசி: வருடத்தின் முக்கியமான நாள். பணத்தை எண்ணி மூன்று கணக்குகளையும் சரிபார்த்தல். வங்கி மேலாளரைச் சந்தித்தல்.
- ஜூலை, ஆகஸ்ட்: நீண்ட நாள் தங்குபவர்களைத் தேடுதல். ஓணம் விடுமுறைக்குக் கேரளத்து விருந்தினருக்கு முன்கூட்டியே செய்தி.
- செப்டம்பர், அக்டோபர்: காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை. மழைக்கு முன் கூரை, சாக்கடை, மரக்கிளை.
- நவம்பர்: டல் மாதக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் மாதம். எடுப்பதில் குற்ற உணர்வு வேண்டாம், அதற்காகத்தான் சேர்த்தீர்கள்.
- டிசம்பர்: கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரவில் முதல் பங்கு அதிர்ச்சி நிதிக்கு.

இதற்கு மேல் நீண்ட கணக்கும் ஒன்று உண்டு. குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இன்று ஐந்தாண்டுக் கடன் எடுப்பவர், அந்தப் பூப்பை ஒட்டிய காலத்தில்தான் கடைசித் தவணைகளைக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆண்டு ஊருக்கு வரும் கூட்டத்தைக் கடன் தீர்ந்த கையோடு சந்திக்க வேண்டுமா, புதுக் கடனோடு சந்திக்க வேண்டுமா என்பதை இப்போதே தீர்மானிக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. கடந்த ஆண்டில் உங்களுக்கு மிக மோசமாக இருந்த மாதம் எது என்று எழுதுங்கள்.
2. அந்த மாதத்தின் வரவையும் நிலையான செலவையும் எழுதித் துண்டுத் தொகையைக் கண்டுபிடியுங்கள்.
3. அப்படி ஆண்டுக்கு எத்தனை மாதம் வருகிறதோ அதால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் டல் மாத நிதி.
4. வங்கியில் இரண்டாவது கணக்கைத் தொடங்கி, எவ்வளவு சிறியதானாலும் ஒரு தொகையைப் போடுங்கள்.
5. ஒரு நோட்டு வாங்கி இன்றைய தேதியிலிருந்து ஐந்து விவரங்களை எழுதத் தொடங்குங்கள்.
6. வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து இந்த எண்களைச் சொல்லுங்கள்.

இதில் ஆறாவதுதான் பலருக்குக் கடினமாக இருக்கும். அதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கை ஒருவர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் கை நீளும்போது தடுக்கவும், நவம்பரில் தோள் கொடுக்கவும் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.